தொட்டிக்கு மூடி போட்டபோது

இரண்டு கார்பன் தண்டுகளைத் தண்ணீருக்குள் நுனியோடு நுனி முட்டவைத்து, வெல்டிங் செட்டிலிருந்து டிசி மின்சாரம் கொடுத்து, நுனிகளை ஒரு மயிரிழை விலக்கினால் மின்வில் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அது அணைவதில்லை. நுனியில் வெப்பம் 3,500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் அங்கே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வில்லைச் சுற்றி ஒரு குமிழி உறைபோல நிற்கும். அதற்குள் வில் எரியும். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், படபடவென்று சத்தம், மேலே ஓயாமல் வாயுக் குமிழிகள், கீழே மெல்லப் படியும் கறுப்புக் கசடு. சில மணி நேரம் ஓடவிட்டு அந்தக் கசடைக் காயவைத்து ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் சில துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். தொட்டிக்குள் போட்டது கார்பனும் தண்ணீரும்தான், காந்தத்தில் ஒட்டுவதோ இரும்பு. இந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. தண்ணீரில் மின்பொறி விட்டு, கொடுத்ததைவிட அதிக ஆற்றல் எடுத்துவிட்டதாகச் சொல்லும் எல்லாச் சோதனைகளையும் எடைபோட இந்த ஒன்றே போதும் என்பது என் கருத்து.

கார்பனிலிருந்து இரும்பு என்ற எண்ணத்தை 1960-களில் பரப்பியவர் ஜார்ஜ் ஒசாவா என்ற ஜப்பானியர். உணவு முறை ஒன்றை உலகெங்கும் கொண்டுசென்ற அவர் தொழில்முறை இயற்பியலாளர் அல்ல. கணக்கு பார்வைக்கு அழகாக இருக்கும். கார்பன்-12 இரண்டு, ஆக்ஸிஜன்-18 இரண்டு, கூட்டினால் நிறை எண் 60. அதை இரும்பு-56 என்றும் ஹீலியம்-4 என்றும் பிரித்தால் மறுபடி 60. புரோட்டான்களைக் கூட்டினாலும் இரண்டு பக்கமும் 28. செம்பைப் பொன்னாக்கும் ரசவாதத்தைச் சித்தர் மரபில் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஒரு பழகிய வாசனை இருக்கிறது. ஆனால் காகிதத்தில் கணக்கு சரியாக வருவதாலேயே தொட்டியில் அது நடந்துவிடாது. சாதாரணத் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனில் ஆக்ஸிஜன்-18 ஆயிரத்தில் இரண்டு பங்குதான். அப்படிப்பட்ட அணுக்கள் இரண்டும் கார்பன் இரண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டும். சேர்ந்தாலும், நேர்மின் கொண்ட அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளுவதை மீற வேண்டும். கார்பன் கருவும் ஆக்ஸிஜன் கருவும் தொட்டுக்கொள்ள ஏறத்தாழ ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட் தேவை. மின்வில்லின் வெப்பம் ஒரு துகளுக்குச் சராசரியாகக் கொடுப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. விண்மீன்களுக்குள் இரும்பு உருவாவது சுமார் 300 கோடி டிகிரியில்.

கோட்பாடு முடியாது என்று சொல்வதால் மட்டும் ஒரு சோதனையைத் தள்ளிவிடக் கூடாது என்று வாதிடலாம், அது நியாயமும்கூட. எனவே சோதனையையே பார்ப்போம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சுந்தரேசன் என்பவரும், பெயர்பெற்ற மின்வேதியியலாளர் ஜான் பாக்ரிஸும் இதைச் செய்து 1994-இல் ஃப்யூஷன் டெக்னாலஜி இதழில் வெளியிட்டார்கள். மிகத் தூய கார்பன் தண்டுகள், மிகத் தூய தண்ணீர், 20 முதல் 25 ஆம்பியர், பல மணி நேரம் விட்டுவிட்டு. தண்டில் முதலில் இருந்த இரும்பு பத்து லட்சத்தில் 2 பங்கு, அதாவது 2 பிபிஎம். கசடில் இருந்ததோ 286 பிபிஎம் வரை. காற்றிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ அது ஒட்டவில்லை என்று தாங்கள் சரிபார்த்ததாக அவர்கள் எழுதினார்கள். ஒசாவாவின் வினையே காரணமாக இருக்கலாம் என்றும் முன்மொழிந்தார்கள்.

அதே ஆண்டு அதே இதழில் மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த நால்வரின் கட்டுரையும் வந்தது. என் வாதத்தின் மையம் இந்தக் கட்டுரைதான். மிகத் தூய கிராஃபைட், மிகத் தூய தண்ணீர். வில்லை 1 மணி முதல் 20 மணி வரை ஓடவிட்டார்கள். முதல் ஆறு முறை செய்தபோது கசடில் இரும்பு 50 பிபிஎம் முதல் 2,000 பிபிஎம் வரை வந்தது. டெக்சாஸ் எண்ணைவிட ஏழு மடங்கு! இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு அறிக்கை விட்டிருந்தால் அது பெரிய செய்தியாகியிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. தொட்டியை முழுக்க மூடிவிட்டு மறுபடி செய்தார்கள். இரும்பு 20 முதல் 100 பிபிஎம் என்று இறங்கியது. கசடில் இரும்பு மட்டுமின்றி சிலிக்கன், அலுமினியம், நிக்கல், குரோமியம் ஆகியவையும் எவ்வளவு என்று பார்த்தார்கள். இரும்பு கூடிய மாதிரியில் அவையும் கூடியிருந்தன, குறைந்ததில் குறைந்திருந்தன. இரும்பின் ஐசோடோப்புகளையும் நிறைமானியில் அளந்தார்கள். ஏறக்குறைய இயற்கை இரும்பின் விகிதம்தான். இரும்பு உண்மையிலேயே உருவாகிறதா, வேறு வழியில் செறிவடைகிறதா என்பது இந்தச் சோதனைகளிலிருந்து தெளிவாகவில்லை என்று அடக்கமாக முடித்தார்கள்.

அவர்களுடைய அடக்கத்தை மதிக்கலாம். அவர்களின் எண்களைப் பார்த்தால் தீர்ப்பு இன்னும் தெளிவாகவே தெரிகிறது. அணுக்கரு வினைக்குத் தொட்டியின் மேல் மூடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மூடியைப் பொருட்படுத்துவது தூசுதான். சிலிக்கனும் அலுமினியமும் மண்ணில் நிறைந்த தனிமங்கள். நிக்கலும் குரோமியமும் துருப்பிடிக்காத எஃகில் இரும்போடு கூடவே வருபவை. ஐந்தும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் அவை ஒரே வழியாக வந்தவை. காஞ்சிபுரத்தில் ஜரிகையைச் சோதிப்பவர்கள் செய்வதும் இதேதான். ஜரிகையை உரசி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய முறை. இப்போது எக்ஸ்-கதிர் கருவியில் வைத்தால் தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று திரையில் வந்துவிடுகிறது. தங்கம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் அதை மட்டும் பார்த்தால் சரக்கின் தரம் பாதிதான் பிடிபடும். கூட இருக்கும் உலோகங்களின் விகிதம்தான் அசலா போலியா என்று சொல்லும். ஐசோடோப்பு கணக்கு இதைவிடக் கறாரானது. இயற்கை இரும்பில் இரும்பு-56 சுமார் 92 சதவீதம், இரும்பு-54 சுமார் 6 சதவீதம். 2 பிபிஎம் இருந்த இடத்தில் 2,000 பிபிஎம் வந்து, அது ஒசாவாவின் வினையால் வந்தது என்றால், கசடில் உள்ள இரும்பில் ஆயிரத்துக்கு 999 பங்கு இரும்பு-56 ஆகவே இருக்க வேண்டும். இரும்பு-54 கண்ணில் படாத அளவுக்கு ஒடுங்கியிருக்க வேண்டும். அப்படி ஒடுங்கவில்லை.

மூடிய பிறகும் 20 பிபிஎம் இருந்ததே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தண்ணீருக்குள் எரியும் கார்பன் முழுவதும் கசடாக விழுவதில்லை. பெரும்பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் குமிழியில் வெளியேறிவிடும். கார்பன் போய்விடுகிறது, அதிலிருந்த இரும்பு போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. 2 பிபிஎம் இரும்பு உள்ள தண்டில் பத்தில் ஒன்பது பங்கு வாயுவாகப் போனால் மீதிக் கசடில் இரும்பு 20 பிபிஎம் ஆகிவிடும். அணுக்கரு எதுவும் அசைய வேண்டியதில்லை. இதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் கொதிக்கும் தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் வீட்டுப் போர்வெல் தண்ணீரில் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தால், 2 லிட்டர் ஊற்றும்போது 0.6 மில்லிகிராம் உள்ளே போகிறது. கார்பன் தூள் உலோக அயனிகளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் கசடு அதை முழுக்க உறிஞ்சினால் 600 பிபிஎம். டெக்சாஸ் எண்ணைப்போல இரண்டு மடங்கு, ஒரு வாளித் தண்ணீர்கூடச் செலவாகாமல். தண்டுக்காகப் பழைய டார்ச் பேட்டரியை உடைத்திருந்தால் சுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரும்பு ஒரு பேரேடு என்றால் வெப்பம் இன்னொரு பேரேடு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கார்பனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து ஒரு இரும்பு அணு உருவாகும்போது குறையும் நிறையிலிருந்து சுமார் 5.7 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்பட வேண்டும். கேட்கச் சிறிதாக இருக்கும். ஒரு மில்லிகிராம் இரும்புக்குப் பெருக்கிப் பார்த்தால் 27 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல். டிராம்பேயில் வந்த உச்ச அளவான 2,000 பிபிஎம்மை எடுத்துக்கொண்டு, கசடு ஒரு கிராம்தான் என்று கொண்டால், இரும்பு 2 மில்லிகிராம், வெப்பம் 54 யூனிட். அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீர் 76 லிட்டரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கிவிட இது போதும். இப்படி ஒன்று நடந்தால் கண்டுபிடிக்க நுட்பமான கருவி எதற்கு? தண்ணீர் ஊற்றி மாளாது.

டெக்சாஸ் குழு இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தண்ணீரின் வெப்ப உயர்வு அந்த வினையோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார்கள். ஆனால் மின்வில் தானாகவே தண்ணீரைச் சூடாக்கும். அதை முதலில் கழித்தால்தான் மிச்சம் தெரியும், கழிக்க வேண்டுமானால் உள்ளே எவ்வளவு மின்னாற்றல் போனது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். தண்ணீருக்குள் மின்பொறி விடும் ஆர்வலர்களில் மிகப் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். மின்வில்லின் ஓட்டம் நிலையானதல்ல. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கும். ஒரு ஓம் மின்தடை ஒன்றில் நூறு ஆம்பியர் ஓட்டம் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பாய்கிறது, மீதி நேரம் பூஜ்யம் என்று கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும்: 10 ஆம்பியர், 10 வோல்ட். பெருக்கினால் 100 வாட். உண்மையில் அங்கே செலவாவது 1,000 வாட். மீட்டரை நம்பியவர், கொடுத்தது நூறு, கிடைத்தது ஆயிரம், பத்து மடங்கு லாபம் என்று கொண்டாடுவார். மின்வில்லில் ஓட்டம் ஏறும்போது அழுத்தம் இறங்குவதால் பிழை எதிர்த் திசையிலும் போகலாம். கொடுத்தது உண்மையைவிட அதிகமாகத் தெரிந்து, நஷ்டம் வந்ததுபோல் காட்டலாம். அப்படி வந்த நாளை யாரும் ஊருக்குச் சொல்வதில்லை.

வெளியே வரும் வெப்பத்தை அளப்பதிலும் இதே தொல்லை. கார்பனுக்குப் பதில் டங்ஸ்டன் கம்பியைப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் முக்கி, சில நூறு வோல்ட் கொடுத்து ஒளிரவைக்கும் சோதனை ஆர்வலர்களிடையே மிகவும் பிரபலம். வற்றிய தண்ணீரை எடைபோட்டு, கிராமுக்கு 2,257 ஜூல் என்று வெப்பத்தைக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் கொதித்துத் தெறிக்கும் கரைசலிலிருந்து பொடித்துளிகள் ஆவியோடு பறந்துபோகும். பறந்த துளி ஆவியாகவில்லை, அந்த வெப்பத்தைக் குடிக்கவும் இல்லை. எடையில் மட்டும் குறைந்துவிட்டது. கார்பன் தண்டு வைத்தவர்களுக்கோ இன்னொரு பொறி. குமிழியில் வரும் வாயுவைக் கொளுத்தினால் நீல ஜுவாலையோடு எரியும், அந்த வெப்பத்தையும் கூட்டினால் கணக்கு மேலே போகும். எரிவது தண்டிலிருந்து போன கார்பன் என்பதை மறந்துவிடுகிறார்கள். கரியை எரித்தால் கிராமுக்குச் சுமார் 33 கிலோஜூல் வரும் என்பது தெரிந்த விஷயம்; விறகடுப்பு மூட்டிவிட்டு ஆற்றல் தண்ணீரிலிருந்து வந்தது என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பீட்டர் கிரானோ என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து மின்தேக்கிகளில் சேர்த்த மின்னூட்டத்தைத் தண்ணீருக்குள் பாய்ச்சி வெடிக்கவைத்து, தண்ணீரின் மூலக்கூறுப் பிணைப்புகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வெளிவருகிறது என்றார். அந்தப் பிணைப்புகளை அறுக்க ஆற்றல் செலவாகுமே தவிர, அறுப்பதால் வரவு கிடையாது.

இனி மறுப்புகள். முதலில் எழுவது, பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் பார்க்கவே மறுத்துவிட்டன என்ற புகார். மேலைநாடுகளில் இதற்கு ஓரளவு அடிப்படை இருக்கலாம். இந்தியாவில் நடந்தது நேர் எதிர். 1989 மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மனும் பான்ஸும் குளிர் அணுப்பிணைவை, அதாவது அறை வெப்பத்திலேயே அணுக்கருக்கள் இணைவதை, அறிவித்தபோது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர் பி.கே. ஐயங்கார். அவரே ஊக்கம் கொடுக்க, சில வாரங்களில் பல குழுக்கள் இறங்கின. நியூட்ரானும் டிரிடியமும் கண்டதாக அந்த ஆண்டு டிசம்பரில் தொகுப்பறிக்கையும் வந்தது. தொகுத்தவர்கள் ஐயங்காரும் எம். ஸ்ரீநிவாசனும். காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே கடலோரம் உள்ள கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் அதே ஆண்டு சோதனை நடந்தது. 2011 பிப்ரவரியில் இத்துறையின் பதினாறாவது பன்னாட்டு மாநாடு கூடியது சென்னையில். 2015-இல் கரண்ட் சயின்ஸ் இதழ் இதற்கென்றே ஒரு சிறப்புப் பகுதி வெளியிட்டது. கதவு திறந்தே இருந்தது. இத்தனைக்குப் பிறகும், வேண்டும்போது யாரும் செய்துகாட்டக்கூடிய ஒரு கலம் கிடைக்கவில்லை. கூகுள் பணம் கொடுத்து, சில ஆண்டுகள் பல ஆய்வகங்கள் சேர்ந்து தேடிய முடிவும் 2019-இல் நேச்சர் இதழில் வந்தது: ஆதாரம் இல்லை. இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தண்ணீர், ஆற்றல் என்றதும் நம்மில் பலருக்கு தண்ணீரில் மூலிகை சேர்த்து எரிபொருள் செய்ததாகச் சொல்லப்பட்ட 1996-இன் மூலிகை பெட்ரோல் நினைவுக்கு வரும். அந்த வழக்கில் 2016-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. டிராம்பே நால்வரை அந்த வரிசையில் வைப்பது அநியாயம். அவர்கள் தங்கள் முடிவைக் கெடுக்கக்கூடிய எண்களைத் தாங்களே தேடிப்போய் அளந்து அச்சிட்டவர்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. புதிய நிகழ்வுகள் எல்லாமே ஆரம்பத்தில் மங்கலாகத்தானே இருந்தன, கதிரியக்கம் அப்படித்தானே வந்தது என்பார்கள். சரி, மேரி கியூரி என்ன செய்தார்? டன் கணக்கில் பிட்ச்பிளெண்ட் தாதுவைக் கரைத்துப் பிரித்துச் சுத்தம் செய்யச் செய்ய, கதிர்வீச்சு கூடிக்கொண்டே போனது. 1902-இல் அவர் கையில் இருந்தது ஒரு டெசிகிராம் ரேடியம் குளோரைடு. அது இருட்டில் தானாக ஒளிர்ந்தது. கவனம் கூடக் கூட ஒரு நிகழ்வு வலுக்கிறதா, மங்குகிறதா என்பதைப் பாருங்கள். ரேடியம் வலுத்தது. தொட்டி இரும்போ ஒரு மூடிக்கே இருபதில் ஒரு பங்காகிவிட்டது. அளவின் விளிம்பிலேயே எப்போதும் நின்று, கவனம் கூடினால் நழுவும் முடிவுகளை நோயுற்ற அறிவியலின் அடையாளமாக வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1953-இலேயே ஓர் உரையில் விவரித்திருக்கிறார்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர் விஷயம் தெரிந்தவராக இருப்பார்: மின்னல் அணுக்கரு வினையைத் தூண்டுகிறதே, அதுவும் மின்பொறிதானே? உண்மைதான். 2017 பிப்ரவரியில் ஜப்பான் கடற்கரையில் விழுந்த ஒரு மின்னல், காற்றிலிருந்த நைட்ரஜன் அணுக்களிலிருந்து நியூட்ரான்களை உதைத்துத் தள்ளியது பதிவானது. ஆனால் அங்கே மின்னழுத்தம் எவ்வளவு? ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் 2014 டிசம்பரில் தலைக்கு மேல் கடந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை மியூவான் துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணித்தது. வெல்டிங் செட் கொடுப்பது சில பத்து வோல்ட். மேலும், ஜப்பானில் அந்த வினை நடந்ததற்குக் காமா கதிர்களும், பிறகு பாசிட்ரான்களின் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முத்திரையும் சாட்சி சொன்னன. அணுக்கரு வினை நடந்தால் ஏதாவது ஒரு பேரேட்டில் தடம் விழும்: கதிரில், வெப்பத்தில், ஐசோடோப்பு விகிதத்தில். மூன்றிலும் தடம் இல்லாத வினை ஒன்று நடந்தது என்று நம்பச் சொல்வதற்குக் காந்தத்தில் ஒட்டிய சில துகள்கள் போதாது.

தண்ணீருக்குள் மின்பொறி வீண்வேலை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தி படாமல் உடைத்தது நீருக்கடியில் விட்ட மின்பொறியின் அதிர்வலைதான். பொறியில் பிறக்கும் ஹைட்ராக்சில் அணுத்தொகுதிகள் சாய மூலக்கூறுகளை உடைத்து நிறத்தைப் போக்குகின்றன. காஞ்சிபுரம்போலப் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் ஊரில் அந்த ஆய்வுக்கு வேலை நிறையவே இருக்கிறது. ஒசாவாவின் சோதனையையே செய்துபார்க்க விரும்புபவர்களையும் நான் தடுக்க மாட்டேன். செய்தால் நான்கு தொட்டிகள் வையுங்கள்: மூடியது ஒன்று, திறந்தது ஒன்று, வில் பிடிக்காமல் அதே தண்ணீரில் அதே நேரம் தண்டுகளை ஊறவைத்தது ஒன்று, தண்டே இல்லாமல் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து வற்றவிட்டது ஒன்று. கசடை ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது எந்தப் பொட்டலம் எந்தத் தொட்டி என்று எழுதாமல் கொடுங்கள். இரும்போடு சிலிக்கனையும் அலுமினியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வெல்டிங் கண்ணாடி போடாமல் வில்லைப் பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய அறைக்குள் செய்யாதீர்கள். அந்தக் குமிழிகளில் ஏறத்தாழ பாதி கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமோ நிறமோ கிடையாது, தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார்.